ஹோரியூஜியில் உட்கார்ந்துவிட்டவர்

இந்தப் பையைச் சித்தெ அக்கட்டால தள்ளிக்கறேனுங்க அம்மிணி, நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. ஜன்னலோரம் வேணுமுன்னாச் சொல்லுங்க, மாறிக்கலாம். எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். வேண்டாமா? சரி. திருப்பூர்ல ஏறுனதுல இருந்து இது எனக்கு மூணாவது சீட்டு. மொத சீட்டுல வெயில் மூஞ்சிலயே அடிச்சுது. அடுத்த சீட்டுல ஒரு ஆளு காலை நீட்டிப் போட்டுத் தூங்கிட்டு வாறான், நான் என்ன கேட்டாலும் ம்முங்கறான். ஒரு மனுசி பேசுனா முழிச்சுப் பாக்கோணுமா இல்லியா?

உடுமலைக்குத்தானுங்க நானும். பெங்களூர்ல இருந்து வாறேன். விடியால ரயிலேறி, திருப்பூர்ல எறங்கி, இந்த பஸ்ஸைப் புடிச்சேன். எம் பையன் கோகுல்நாத் பெங்களூர்ல இருக்கறான். எங்கூட்டுக்காரரு உடுமலையில இருக்காரு. நான் ரெண்டுக்கும் நடுவுல இருக்கறேன். போன பொங்க நோம்பிக்கு முந்தி இருந்தே இப்படித்தான். அங்க பத்து நாள், இங்க பத்து நாள். ஒரம்பரையில, சொந்தக்காரங்க எல்லாரும், ஏந் துளசிமணி, உனக்கும் அவருக்கும் சண்டையாங்கறாங்க. சண்டையே இல்லீங்க. அதுதான் கேவலம். சண்டைன்னாச் சமாதானம் ஆகலாமில்ல? அவரு ஜப்பான்ல ஒரு கோயில்ல போயி உக்காந்தாரு பாருங்க, அன்னைக்குப் புடிச்சுது எனக்கு இந்த பஸ்ஸு.

ஆமாங்க, ஜப்பான்தான். நீங்க அப்படிப் பாக்காதீங்க, நான் ஒண்ணும் பெரிய எடத்து மனுசி இல்ல. பையன் அனுப்பி வெச்சான். இருங்க, அந்த ஷட்டரைச் சித்தெ ஏத்திக்கறேன், காத்து வரட்டும்.

எங்கூட்டுக்காரரு ஸ்பின்னிங் மில்லுல இருந்தாருங்க. ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்ட்டு, நூல் நூக்கற எடம். மில்லுக்குள்ள போயிருக்கறீங்களா? ஒரு தடவை ஆயுத பூசைக்கு உள்ள போயிப் பாத்தேன், அன்னைக்கு மிசின் எல்லாம் நிறுத்தி இருந்துது. ஓடும்போது உள்ள நின்னா பக்கத்துல இருக்கறவன் கத்துனாலும் கேக்காதாம். கையைக் காட்டியே பேசிக்குவாங்களாம். சின்ன வயசுல சேந்தவரு, தலை நரைச்சு வெளிய வந்தாரு. அந்தச் சத்தத்துல இருந்துட்டு ஊட்டுக்கு வந்தா மனுசனுக்கு நாலு வார்த்தை காதுல விழ வேண்டாமா? நான்தான் அன்னன்னைக்கு நடந்தது எல்லாம் சொல்லுவேன். அவரு காலைக் கழுவிட்டு உக்காருவாரு, நான் சொல்லுவேன். சோறு போடும்போது சொல்லுவேன். படுத்தாலும் உட்டதைச் சொல்லுவேன். அவரு ம்முன்னு கேட்டுக்குவாரு. நான் ஒண்ணும் ரொம்பப் பேசற ஆளில்லீங்க. வேண்டியதைச் சொல்லுவேன், அவ்வளவுதான். ஆனா ஊட்டுல ஒருத்தராச்சும் பேசோணுமில்ல?

பையன் சொன்னான், அம்மா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க, ஒரு ரூமு ஒதுக்கி வெச்சிருக்கறேன்னு. நான் சரின்னுட்டேன். உடுமலை ஊட்டை ஒரு பல்டாக்டரம்மாளுக்கு வாடகைக்குப் பேசியாச்சு. அவுங்க வந்து பாத்து, எந்த ரூமுல நாற்காலி போடறதுன்னு அளந்துட்டும் போயிட்டாங்க. பாத்திரத்துல பாதியை எங்க தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். எல்லாம் நானே முடிச்சேன். இவருகிட்டச் சொன்னேன், ம்முன்னாரு. ம்முன்னாச் சரின்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. இருங்க, நான் முடிச்சர்றேன்.

குடி போறதுக்கு முந்தி ரெண்டு பேரும் எங்கியாச்சும் போயிட்டு வாங்கன்னு பையன் ஜப்பானுக்கு ஏற்பாடு பண்ணுனான். கோயமுத்தூர்ல இருந்து ஒரு கூட்டமே போச்சுங்க. சமையக்காரர் ஒருத்தரும் கூட வந்தாரு, அதனால சோத்துக்குக் கஷ்டமில்ல. பிரபாகர்னு ஒரு தம்பி, அவந்தான் மேனேஜரு. கையில மஞ்சக்கொடி புடிச்சுட்டு முன்னால நடப்பான், நாங்க கோழிக்குஞ்சாட்டம் பின்னால போவோம். பேங்குல பெரிய வேலையில இருந்து ரிட்டயர்டு ஆன விமலான்னு ஒரு மேடம் வந்தாங்க. எல்லாத்துக்கும் வாச்சைப் பாப்பாங்க. எனக்கு அவுங்களைப் புடிச்சுப் போச்சு. எனக்கும் ஒரு எடத்துல நின்னா அடுத்தது எங்கன்னுதான் இருக்கும். எரிமலையைக் காட்டுனாங்க, பாத்தேன், சரி அடுத்ததுன்னேன். அந்த வேகமாப் போற புல்லட் ரயில்ல ஏத்துனாங்க, அதுவும் ஏறுன ஒடனே எப்ப எறங்கறதுன்னு இருந்துது. நமக்கு அப்படியே பழகிருச்சு. இவரு மட்டும் எங்க போனாலும் கடைசியா வருவாரு.

அப்பறம் நாராங்கற ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்குப் பக்கத்துல ஹோரியூஜின்னு ஒரு கோயில். மரத்துல கட்டுனது. ஒலகத்துலயே இதுக்கும் பழசா மரக்கட்டடம் இல்லைன்னாங்க. ஆயிரத்து முந்நூறு வருசம் ஆச்சாம். கறையான் கூட ஜப்பான்ல மருவாதியா இருக்குமாட்ட இருக்குதுன்னு நான் சொன்னேன், விமலா மேடம் சிரிச்சாங்க.

வாசல்ல நான் செருப்பைக் கழட்டிட்டேனுங்க. கோயிலில்லியா? தரை பூராச் சின்னச் சின்னக் கல்லு. குளிர்னாக் குளிரு, கார்த்திகை மாசம். ரெண்டடி வெக்கறதுக்குள்ள கால் வெறச்சுப் போச்சு. அங்க இருந்த கைடு புள்ளை ஓடி வந்து, போட்டுக்குங்க, போட்டுக்குங்கன்னு செருப்பைக் கையில எடுத்துட்டு வந்துருச்சு. நம்ம செருப்பை இன்னொருத்தரு கையில எடுக்கறதா? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தப் புள்ளை பேரு ஹருமி. அது இங்கிலீசுல சொல்லும், பிரபாகர் தமிழ்ல சொல்லுவான்.

பெரிய வாசல். ரெண்டு பக்கமும் துவாரபாலகராட்டம் ரெண்டு பேரு முறைச்சுட்டு நிக்கறாங்க. அதுக்குள்ள ஒரு பெரிய முற்றம். வலது கைப் பக்கம் மண்டபம், இடது கைப் பக்கம் அஞ்சு கூரை அடுக்கி வெச்ச கோபுரம். சுத்தியும் தூணு வெச்ச நடை. சாயம் இல்ல, மினுமினுப்பு இல்ல. நம்ம கோயில்னா ஒரு மணிச் சத்தம், ஒரு தேங்கா உடைக்கற சத்தம், எவனாச்சும் மைக்குல பேசிட்டு இருப்பான். அங்க ஒண்ணுமில்ல. ஆளுக இருக்கறாங்க, ஆனா எல்லாரும் நோயாளி இருக்கற ரூமுக்குள்ள வந்தாப்பல நடக்கறாங்க. மண்டபத்துக்குள்ள ஒரே இருட்டு. கண்ணு பழகுனப்பறம் பாத்தா உள்ள புத்தர் உக்காந்திருக்காரு. தீவாராதனை எப்பன்னு கேட்டேன். அதெல்லாம் இல்லீங்கம்மான்னான் பிரபாகர். கும்புட்டுட்டு வெளிய வந்துட்டேன். இவரு வரலை. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாரு.

கோபுரத்துக்கிட்ட நிறுத்தி வெச்சு அந்தப் புள்ளை வெளக்கமாச் சொல்லுச்சு. உள்ள நடுவுல ஒரே மரம், கீழ இருந்து உச்சி வரைக்கும் நிக்குதாம். ஆனா அஞ்சு கூரையில எதையும் அது தாங்கலையாம். நெலம் ஆடுனா ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு பக்கம் ஆடிக்குமாம், அதனாலதான் இத்தனை பூகம்பத்துக்கும் உழுகாம நிக்குதுன்னுச்சு. அப்ப இவரு வாயைத் தொறந்தாருங்க. கோயமுத்தூர்ல பிளேன் ஏறுனதுல இருந்து அந்தக் கூட்டத்துல இவரு பேசி யாரும் கேட்டதில்ல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"அப்ப அந்தத் தூணுக்கு என்ன வேலை?"ன்னு கேட்டாரு.

பிரபாகர் அதை இங்கிலீசுல சொன்னான். அந்தப் புள்ளை சிரிச்சுட்டு நீளமா என்னென்னமோ சொல்லுச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு இவன் சுருக்கமா, "நடுவுல நிக்கறதுதான் அதுக்கு வேலையாமுங்க நாச்சிமுத்து அய்யா"ன்னான். இவரு தலையாட்டுனாரு. பரிச்சையில பாஸாயிட்டாப்பல ஒரு மூஞ்சி. எனக்கு ஒண்ணும் புரியலை. ஒண்ணையும் தாங்காத தூணை எதுக்கு நிறுத்தறது, வெறகுக்காச்சும் ஆகுமில்லன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை.

எனக்கு அங்க புடிச்சது ஒண்ணே ஒண்ணுதானுங்க. கோபுரத்துக்கு அடியில நாலு பக்கமும் கம்பி வலை போட்டு, உள்ள மண் பொம்மை வெச்சிருக்கறாங்க. வடக்குப் பக்கம் பாத்தா, புத்தர் செத்துப் படுத்திருக்காரு, சுத்தி உக்காந்து எல்லாரும் அழுகறாங்க. அழுகைன்னாச் சும்மா இல்ல. ஒருத்தன் வாயைப் பொளந்து வானத்தைப் பாத்துக் கத்தறான். ஒருத்தன் மாருல அடிச்சுக்கறான். நம்ம ஊரு எழவு ஊடேதான். அட, இங்கயும் மனுசங்க இருக்கறாங்கன்னு எனக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு. வலையில மூக்கை வெச்சுட்டு நின்னேன். இவரைக் கூப்புட்டுக் காட்டலாமுன்னு திரும்புனா ஆளைக் காணோம்.

இது பல்லடமா? இன்னும் பாதி தூரம்கூட ஆகலை. இந்த டிரைவரு ஏன் இப்படி உருட்டறாரு? பின்னால வந்த மினி பஸ்ஸே நம்மளைத் தாண்டிப் போயிருச்சு பாருங்க. தண்ணி குடிக்கறீங்களா? நான் ஒரு வாய் குடிச்சுக்கறேன், தொண்டை கரகரங்குது.

எங்க உட்டேன்? ஆமா, ஆளைக் காணோம். பிரபாகர் கொடியைத் தூக்கிட்டான், எல்லாரும் பஸ்ஸுக்குப் போகோணும், அடுத்தது மான் பாக்கப் போறதுன்னு. ஊருக்குள்ள மான் ரோட்டுல திரியுமாம், பிஸ்கெட் குடுத்தாத் தலையைக் குனிஞ்சு கும்புடுமாம். அதைப் பாக்கத்தான் விமலா மேடம் காலையில இருந்து துடிச்சுட்டு இருந்தாங்க. எனக்கும் ஆசைதான். எண்ணிப் பாத்தா ஒரு ஆளு கொறையுது. நான் தேடிட்டு ஓடறேன். மண்டபத்துல இல்ல. கழிப்பறைப் பக்கம் இல்ல. கடைசியில பாத்தா, சுத்து நடையில ஒரு மூலையில, பெஞ்சுல, முதுகை நிமுத்தி உக்காந்திருக்காரு. எதிர்ல ஒண்ணுமில்லீங்க. முற்றமும், அந்தக் கோபுரமுந்தான்.

வாங்க, பஸ்ஸு கெளம்புதுன்னேன்.

"நீ போ. நான் இங்க இருக்கறேன்"னாரு.

காலு வலிக்குதான்னேன். இல்ல. மூச்சு வாங்குதான்னேன். இல்ல. பின்ன என்னன்னேன். "சத்தமே இல்ல பாரு"ன்னாரு. ஆமா, சத்தம் இல்ல, அதுக்கு என்ன பண்றது, சத்தம் இல்லாட்டி நாம பேசிக்கலாம், பஸ்ஸுல போயிப் பேசிக்கலாம் எந்திரிங்கன்னேன். எந்திரிக்கலை. கையைப் புடிச்சு இழுத்தேன். பயில்வான் இல்லீங்க அவரு, என்னைய விட மெலிசு. ஆனா அன்னைக்கு அசைக்க முடியலை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் எந்திரின்னா எந்திரிப்பாரு, உக்காருன்னா உக்காருவாரு, அப்படிப்பட்ட மனுசன்.

பிரபாகர் வந்தான். கெஞ்சுனான். விமலா மேடம் வந்து வாச்சைக் காட்டுனாங்க. ஒருத்தருக்காக எல்லாரும் காத்துட்டு இருக்கறது நல்லா இருக்குதான்னு இங்கிலீசுல பாதி தமிழ்ல பாதி சொன்னாங்க. இவரு அவுங்களைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாரு. கோபமே இல்ல மூஞ்சில. நீங்க எல்லாம் போயிட்டு வாங்க, நான் எங்கயும் போக மாட்டேன்னாரு. நான் கூனிக் குறுகிப் போயிட்டேன். கூட்டத்துல நம்ம ஊட்டாளு ஒருத்தரு இப்படிப் பண்ணுனா எப்படி இருக்கும்? கடைசியில பிரபாகர், ரெண்டு பேரும் இங்கயே இருங்க, மானைப் பாத்துட்டுச் சாயங்காலம் கோயில் அடைக்கறதுக்குள்ள பஸ்ஸைத் திருப்பிட்டு வந்து கூட்டிக்கறேன்னுட்டான். பஸ்ஸு போயிருச்சு. எனக்கு மானும் போச்சு.

அப்பறம் நான் அங்க உக்காந்தேனுங்க. உக்காந்தேன்னா, உக்காந்து எந்திரிச்சு உக்காந்தேன். போயித் தூணை எல்லாம் தடவிப் பாத்துட்டு வந்தேன். தூணுக நடுவுல கொஞ்சம் பருத்து இருக்குது, நெறமாசக்காரியாட்டம். அதைச் சொன்னேன். ம்முன்னாரு. பெங்களூர் ஊட்டுல எந்த ரூமு நமக்கு, கட்டில் எந்தப் பக்கம் போடறது, பேத்தியை ஸ்கூல் வேனுல ஏத்தறதுக்குக் கீழ எறங்கோணும், லிப்டுல எந்தப் பட்டனை அமுத்தோணும், எல்லாம் சொன்னேன். பல்டாக்டரு கொல்லைப் பக்கத்து முருங்கை மரத்தை வெட்டிருவாங்களாட்ட இருக்குதுன்னு சொன்னேன். தங்கச்சி நம்ம பாத்திரத்தை வாங்கிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லலைன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்துல எனக்கே சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சுங்க. அப்படி ஆனதே இல்ல எனக்கு.

சும்மா உக்காந்திருந்தேன். எங்கியோ மேல, கூரை மூலையில இருந்து, சின்ன மணி ஒண்ணு காத்துல ஆடுற சத்தம் கேட்டுது. அத்தனை நேரம் அது அங்கதான் இருந்திருக்கோணும். கல்லு மேல ஆரோ நடக்கறாங்க. மறுபடியும் ஒண்ணுமில்ல. திரும்பிப் பாத்தேன். இவரு அசையவே இல்ல. கண்ணு தொறந்திருக்குது, ஆனா இமைக்கற மாதிரித் தெரியலை. கை மடியில கெடக்குது. எனக்குச் சடக்குன்னு ஒரு பயம் புடிச்சுருச்சு. ஊரு இல்ல, பாசை இல்ல, போனைப் பண்ணி ஆரைக் கூப்புடறது? அந்த மண் பொம்மையில படுத்திருக்காரே, அது கண்ணு முன்னால வந்துருச்சு. அத்தனை பேரு சுத்தி உக்காந்து அழுகறாங்க அவருக்கு, இவருக்கு நான் ஒருத்திதானேன்னு தோணுச்சு. மெதுவா அவரு மூக்குக்கிட்டக் கையைக் கொண்டு போனேன்.

"இருக்கறேன்"னாரு.

திரும்பாமச் சொல்றாருங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த அழுகையோட நான் அவரை நாலு வார்த்தை ஏசுனேன். அவரு எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு என் கையை எடுத்து அவரு கைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. குளிரு, அதனாலதான். அவருக்குக் கை எப்பவும் சூடா இருக்கும். வெச்சுக்கிட்டுச் சொன்னாரு:

"பெங்களூருக்கு நான் வரலை, துளசி. நம்ம ஊட்டுலயே இருந்துக்கறேன். நீ போறதுன்னாப் போயி இரு. தப்பா நெனைக்க மாட்டேன்."

அவ்வளவுதான். ஏன்னு சொல்லலை. நானும் குளிருல புத்தி பெரண்டு பேசறாருன்னு நெனைச்சுட்டேன். சூடா ஒரு காப்பி உள்ள போனாச் சரியாயிரும்னு இருந்தேன்.

அடைக்கற நேரம் ஆச்சு. ஒரு வாச்சுமேன் வந்தாரு, வயசானவரு, தொப்பி போட்டு உடுப்பு எல்லாம் விறைப்பா. எங்க முன்னால வந்து குனிஞ்சு கும்புட்டாரு. இவரு உக்காந்த வாக்குலயே குனிஞ்சு கும்புட்டாரு. அவரு போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்தாரு, குனிஞ்சாரு. இவரும் குனிஞ்சாரு. எனக்குச் சிரிப்பு வேற வருது, பயம் வேற. மூணாவது தடவை வாச்சுமேன் குனியலை. கொஞ்சம் தள்ளி நின்னு அவரும் அந்தக் கோபுரத்தையே பாத்துட்டு நின்னாரு. இவரு பெருமூச்சு உட்டு எந்திரிச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, எத்தனையோ வருசமாப் பழகுனவங்களாட்டம். எனக்குத்தான் அங்க ஆரும் தெரியலை.

பஸ்ஸுல ஏறுனா எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. விமலா மேடம் மட்டும் போன்ல மான் போட்டோவைக் காட்டுனாங்க. நெசமாலுமே கும்புடுதுங்க அந்த மானு.

ஊருக்கு வந்தோம். நான் மூட்டை கட்டுனேன். இவரு பல்டாக்டரை ஊட்டுக்கு வரச் சொல்லி, மன்னிச்சுக்குங்க, ஊடு இல்லைன்னு சொல்லிட்டாரு. அவரா வாயைத் தொறந்து சொன்னாருங்க. அந்தக்கா பாவம், நாற்காலிக்கு அளந்துட்டுப் போயிருந்துது. பையன் போன்ல கத்துனான். இவரு, நான் வரலை கண்ணுன்னாரு, போனை என் கையில குடுத்துட்டாரு. சரி, நான் முன்னால போறேன், சோத்துக்கு இல்லைன்னா ஒரு வாரத்துல ஓடி வருவாருன்னு நெனைச்சு நான் பெங்களூருக்குக் கெளம்பிட்டேன்.

வரலீங்க. ரசம் வெக்கக் கத்துக்கிட்டாராம். ஒரு தட்டு, ஒரு டம்ளரு. நான் பத்து நாளைக்கு ஒருக்கா வந்து பாத்தா ஊடு கழுவி உட்டாப்பல இருக்குது. கொல்லையில முருங்கைக்கு அடியில நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. எனக்கு அங்க இருப்புக் கொள்றதில்ல. பேத்தி என்ன பண்றாளோன்னு இருக்கும். பெங்களூர் போனா அங்க எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க, பேத்தி ஸ்கூலுக்குப் போயிருவா, நான் பால்கனியில நின்னு லிப்டு சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கறேன். இவரு சாப்புட்டாரோ என்னமோன்னு இருக்கும். நின்னா உக்காரத் தோணுது, உக்காந்தா எந்திரிக்கத் தோணுது.

தெனமும் சாயங்காலம் போன் பண்ணிருவேன். அன்னைக்கு நடந்தது எல்லாம் சொல்லுவேன். அவரு ம்மும்பாரு. பக்கத்தூட்டுச் சிவகாமி ஒரு நாள் சொன்னா, அக்கா, அண்ணன் போனை ஸ்பீக்கர்ல போட்டு ஸ்டூல் மேல வெச்சுட்டு, எதிர்ல நாற்காலியில உக்காந்திருக்காருன்னா. வேற வேலை ஏதாச்சும் பாத்துக்கிட்டான்னேன். இல்லக்கா, சும்மாதான் உக்காந்திருக்காரு, நீங்க வெக்கற வரைக்கும் உக்காந்திருக்காருன்னா. பாத்தீங்களா? கையில போனைப் புடிச்சுக் காதுல வெச்சுக் கேக்கறதுக்குக்கூட அந்த மனுசனுக்குச் சோம்பல்.

கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் வந்துருச்சு, குடிமங்கலம் தாண்டிட்டோமா? இனி சித்தெ நேரந்தான். பையைக் கீழ எறக்கி வெச்சுக்கறேன்.

இப்ப எதுக்குப் போறேன்னு கேளுங்க. போயிட்டு வந்தே இன்னும் நாலஞ்சு நாள்கூட ஆகலை, பேத்திக்கு லீவு வேற. வந்த மறுநாளே எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க. சுத்தமாக் கொரலே இல்ல, காத்துத்தான் வருது. டாக்டரு கொரவளையில லைட் அடிச்சுப் பாத்துட்டு, வீங்கியிருக்குது, வாயையே தொறக்காதீங்க, பேசவே கூடாதுன்னுட்டாரு. இன்னைக்கு விடியாலதான் கொரல் திரும்புச்சு, இன்னும் மாத்திரை முடியலை. பேசறதில்லீங்க நானு, அப்படியே பொட்டாட்ட இருக்கறேன். அதனால இவருக்குப் போன் பண்ணலை. மருமக சொல்லியிருப்பான்னு நான் நெனைச்சேன், நான் சொல்லியிருப்பேன்னு மருமக நெனைச்சிருக்கறா.

நேத்து போன் அடிச்சுது. எடுத்துப் பாத்தா இவரு. அந்தப் போன்ல இருந்து அவரா எனக்குப் பண்ணுனது அதுதான் மொதல் தடவை. எடுத்தாக் கொரல் வர மாட்டேங்குது. அவரு அந்தப் பக்கம் அலோ அலோங்கறாரு. நான் இந்தப் பக்கம் காத்தா ஊதறேன். அப்பறம் சொன்னாரு, "துளசி, இருக்கறயா?"ன்னாரு. நான் போனை நகத்துல தட்டுனேன், டக்கு டக்குன்னு. அப்பறம், "ஊடு ஒரே சத்தமா இருக்குது. நீ வா"ன்னாரு. வெச்சுட்டாரு.

என்ன அர்த்தங்க அதுக்கு? ஊட்டுல என்ன சத்தம்? ஒத்தை ஆளு இருக்கற ஊட்டுல என்ன சத்தம் வரும்? ராத்திரி பூராத் தூக்கமில்ல எனக்கு. மோட்டாரு ரிப்பேராகி ஓடிட்டே இருக்குதோ, ஃபேனு கழண்டு ஆடுதோ, பக்கத்துல ஆராச்சும் கட்டடம் கட்டறாங்களோ. இல்ல காதுலதான் ஏதாச்சும் கோளாறோ? மில்லுல இருந்தவங்களுக்கு வயசாச்சுன்னா காதுக்குள்ள மிசின் ஓடுமாமில்ல, ஆரோ சொன்னாங்க. அதுதான் விடிஞ்சதும் கெளம்பிட்டேன். காது டாக்டரு உடுமலையில ஆரு நல்லவங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க உள்ளூருதானே? ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறீங்க. பரவால்ல, எறங்கிக் கேட்டுக்கறேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. சித்தெ வழி உடுங்க, நான் முன்னால போயி நின்னுக்கறேன். இல்ல இருங்க. அட, அதா பாருங்க. அந்தப் பூக்கடைக்குப் பக்கத்துல, வெள்ளைச் சட்டை. அதுதானுங்க எங்கூட்டுக்காரரு. என்னைக்குமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்ன ஆளில்ல, ஒரு தடவைகூட வந்ததில்ல. இந்த வெயில்ல எப்ப இருந்து நிக்கறாரோ. கொடை கூட இல்ல. நம்ம பஸ்ஸைப் பாத்துட்டாரு. வாறாரு பாருங்க, கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு.

ஜன்னலுக்கிட்ட வந்துட்டாரு. வாயி அசையுது, என்னமோ சொல்றாரு. இந்த எஞ்சினை அமத்துனா என்ன இவனுக்கு? நீங்க சித்தெ பேசாம இருங்க கண்ணு, அவரு சொல்றது எனக்குக் கேக்கோணும்.